லிட்டருக்கு இருபத்திரண்டு: செவ்வாப்பேட்டையிலிருந்து தேர்வாய் கண்டிகைக்கு

காலை ஏழு மணி. செவ்வாப்பேட்டையில் என் மச்சினி ஸ்டெல்லாவைக் காரில் ஏற்றிக்கொண்டேன். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் அவளுக்கு நேர்காணல். ஒன்பதரைக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். வருஷக்கணக்காக ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவளுக்கு இது நிரந்தர வேலை. பஸ்ஸில் போகிறேன் என்றவளை நான்தான் தடுத்தேன். காரைக் காட்டிக்கொள்ள வேண்டுமே.

இந்தக் கார் நின்றால் இன்ஜின் தானாக அணையும். கிளட்சை மிதித்தால் கிளம்பும். பெட்ரோல் மிச்சம். ஆனால் அப்படி ஓயாமல் கிளப்புவதற்குத் தனி ரக பேட்டரி வேண்டும். பழையது செத்தபோது நான் சாதா பேட்டரியைப் போட்டேன். "அப்ப பட்டன அமுக்கி அத்த ஆஃப்ல வெச்சுக்கோ" என்றார் கடைக்காரர். ரயில்வே கேட்டில் பைக்கை அணைக்காதவனை முறைக்கிற ஊர்க்காரன் நான். அமுக்கவில்லை.

திருவள்ளூர் நெரிசலில் வண்டி அணைந்து அணைந்து கிளம்பியது. "பாத்தியா, லிட்டருக்கு இருபத்திரண்டு காட்டுது" என்றேன். அவள் மணியைப் பார்த்தாள்.

எட்டே முக்கால். ஊத்துக்கோட்டை கடைவீதியில் கார் அணைந்தது. பிறகு கிளம்பவே இல்லை.

பின்னால் நின்ற டிப்பர் லாரிக்காரர் இறங்கி வந்தார். "இன்னா நைனா, தூங்கினு கீதா?"

"மைலேஜுக்காக அதுவே ஆஃப் ஆவும்."

"ஆஃப் ஆவத் தெரிஞ்சதுக்கு ஆன் ஆவத் தெரிலயே."

"நீ குந்து மாமா, நான் தள்றேன்" என்று ஸ்டெல்லா இறங்கினாள். இஸ்திரி போட்ட சுடிதாரோடு நடுரோட்டில் என்னை வைத்துத் தள்ளினாள். லாரிக்காரரும் கை கொடுத்தார். பேட்டரியில் உயிரே இல்லை.

"தேர்வாய்க்குத்தான் ஜல்லி ஏத்திக்கினு போறேன், ஏறும்மா" என்றார் அவர். லாரியிலா என்று நான் வாயெடுப்பதற்குள் அவள் ஏறிவிட்டாள்.

ஒரு மெக்கானிக் ஒயர் மாட்டிக் கிளப்பிவிட, பத்தேகாலுக்குத் தொழிற்சாலை வாசலை அடைந்தேன். இன்ஜினை அணைக்கப் பயம். தானாகவும் அணையாமலிருக்க இப்போதுதான் அந்தப் பட்டனை அமுக்கினேன். பிற்பகல் ஒரு மணி வரை ஓடவிட்டே உட்கார்ந்திருந்தேன். சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்ததெல்லாம் புகையாகப் போனது. மைலேஜை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறவர்களைத் திட்டினேன். திட்டி என்ன, காலையிலேயே பட்டனை அமுக்காதவன் நான்.

ஸ்டெல்லா வெளியே வந்தாள். துப்பட்டாவில் கிரீஸ் கறை.

"எடுத்துக்கினாங்க மாமா. அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க."

"ஏறு, போலாம்."

"பஸ்ஸு நிக்குது, அதுலயே போயிடறேன்." இரண்டடி நடந்து திரும்பினாள். "அக்காவாண்ட உன் கார்லதான் வந்தேன்னு சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் பேஜார் ஆவாத."

அதற்கு அவள் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்.