ஒன்பதாம் நம்பர் குழி

கென்யாவில் ககமேகா பக்கம் வீடு கட்டுகிறவன் முதலில் குழிதான் வெட்டுவான். அந்த மண்ணில் செங்கல் அறுத்துச் சூளை வைப்பான். பிறகு கையில் காசு தீர்ந்து வீடு அரைகுறையாக நிற்கும், குழி மட்டும் முழுசாக இருக்கும். கசாந்தியின் புருஷன் அப்படி ஒன்றை வெட்டி வைத்துவிட்டு நைரோபிக்குப் போனான், போனவன் போனவன்தான். அதில் தேங்கிய தண்ணீரில் வளர்ந்த கொசுதான் மூத்தவன் லுகோயேயை மலேரியாவில் கொண்டுபோனது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மிச்சம் இருப்பது ஆறு வயது மகள் முஹோஞ்சா. ஆனாலும் ஊர் கசாந்தியை இன்னும் லுகோயே அம்மா என்றுதான் கூப்பிடுகிறது.

ஊருக்கு வந்த கொசு ஆராய்ச்சிக்காரர்களிடம் அவளுக்குக் கிடைத்த வேலை கொசுப்புழு எண்ணுவது. வெள்ளை அகப்பையால் குழிக்குப் பத்து முறை மொண்டு, நெளிவதை எண்ணி, நோட்டில் எழுத வேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பச்சைப் பொடியும் கொடுத்தார்கள். மண்ணில் இருக்கும் பூஞ்சையை எடுத்து அரிசியில் வளர்த்துச் சலித்தது. எண்ணெயில் குழைத்துத் தண்ணீர்மேல் தெளித்தால், மூச்சுவிட மேலே வரும் புழுவைப் பிடித்துக்கொள்ளும். நாலைந்து நாளில் புழு செத்து மிதக்கும்.

ஊரில் பன்னிரண்டு குழி. ஆறில் தெளிக்க வேண்டும், ஆறைத் தொடக்கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். எந்த ஆறு என்று சீட்டுக் குலுக்கினார்கள். கசாந்தி வீட்டுப் பின்பக்கக் குழி, ஒன்பதாம் நம்பர், தொடக்கூடாததில் விழுந்தது. கொசுவுக்குச் சீட்டு தெரியுமா என்ன?

"தம்பி, என் குழியை மாத்தி எழுதக்கூடாதா?" என்று மேற்பார்வைக்கு வரும் அண்டாயியிடம் கேட்டாள்.

"மாத்தினா ஆராய்ச்சியே இல்ல, லுகோயே அம்மா. ஒரு வருஷம் பொறுங்க. பொடி வேலை செய்யுதுன்னு காட்டிட்டா எல்லாக் குழிக்கும் வந்துரும்."

பொறுக்கச் சொல்வது எளிது. அவன் வீடு டவுனில், மாடியில்.

பெருமழை தொடங்கி மூன்றாம் வாரம் முஹோஞ்சாவுக்குக் காய்ச்சல் வந்தது. பிழைத்துவிட்டாள். எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்ட அன்றே கசாந்தி ஒன்பதாம் நம்பரில் பொடியைத் தெளித்தாள். தொடக்கூடாத இன்னொரு குழியான நாலாம் நம்பருக்குச் சொந்தக்காரி இம்புஹிலா பார்த்துவிட்டாள். நிறைமாதக்காரி.

"உங்க குழிக்கு மட்டுந்தானா அக்கா? எம் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

ஆறு குழிக்கு வந்த பொடியைப் பன்னிரண்டுக்குப் பங்கிட்டாள். பொடியில்தான் கை வைத்தாளே தவிர எண்ணிக்கையில் வைக்கவில்லை. மொண்டதை மொண்டபடி எழுதினாள். புழு குறைந்துகொண்டே வந்தது, எல்லாக் குழியிலும்.

வருஷக் கடைசியில் அண்டாயி தொங்கிய முகத்தோடு வந்தான்.

"தெளிச்ச குழிலயும் தெளிக்காத குழிலயும் ஒரே கணக்கு. இந்த வருஷ மழைல புழு தானாவே குறைஞ்சிருக்கு, பொடியால இல்லைன்னு எங்க ஆபீஸ் பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க. இனிமே பொடி வராது."



"தெளிக்காத குழின்னு ஒண்ணு இல்ல தம்பி. பன்னிரண்டுலயும் நான்தான் தெளிச்சேன்."

கோபம்கூட வரவில்லை அவனுக்கு.

"அப்ப நீங்க எழுதின மொத்தமும் குப்பைக்குத்தான் போகும். இதைச் சொன்னா இந்த ஊர்ப்பக்கமே யாரும் வரமாட்டாங்க. சொல்லலைன்னா பொடிக்குக் கெட்ட பேரு. எதைச் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

அவன் பதிலுக்கு நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த பெருமழையில் குழிகள் நிரம்பி வழிந்தன. இம்புஹிலா கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"தண்ணி பூரா புழு நெளியுது அக்கா. எப்ப தெளிப்பீங்க?"

"இனிமே பொடி வராதும்மா."

"ஏன்? அது வேலை செய்யலையாமா?"

கசாந்தி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"செஞ்சுது" என்றாள்.