கமலா விட்ட ஒன்றரை அடி

கமலா இறந்துவிட்டாள் என்று அவள் கணவர் போனில் சொன்னபோது, நான் செண்டிப்பூ நாற்றுத் தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். கறம்பக்குடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். நாற்று நடும் பருவத்துக்கு வந்துவிட்டது, இனி யாரைக் கேட்டு நடுவேன் என்ற பயம். அவளை அறிந்த உங்களிடம் இதை மறைப்பானேன்.

எங்கள் பூக்கொல்லைகள் அடுத்தடுத்தவை. கமலா என்னைவிட ஆறு வயது இளையவள். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுவாள். ஒரு மாதம் கழித்து வரிசைக்குள் நடந்து பார்ப்பாள். சேலை இலையில் உரசினால் முகம் சுருங்கிவிடும். "எடத்தை வீணாக்குறியேடி" என்று கேலி செய்வேன். "காத்து போக வழி வேணும்க்கா" என்பாள்.

ஒரு வருடம் பேராசையில் முக்கால் அடிக்கு ஒன்றாக நட்டேன். யூரியாவையும் அள்ளி வீசினேன். செடிகள் இடுப்புயரம் வளர்ந்தன. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அவள் மட்டும், "எலையப் பாத்து மயங்காதீங்கக்கா, மொட்டு எங்க?" என்றாள். மொட்டே இல்லை. அடுத்து வந்த மழையில் தண்டு அழுகத் தொடங்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் இறங்கி ஒன்று விட்டு ஒன்றாகப் பிடுங்கினாள். ஒவ்வொன்றுக்கும் நான் அலறினேன். "எல்லாம் அழுகட்டுமா, பாதியப் புடுங்கட்டுமா? சொல்லுங்க" என்றாள். மிச்சம் பிழைத்து, தாமதமாகப் பூத்தது.

அவளுக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். போன ஆடியில் உரம் வைக்கும்போது பார்த்தேன். கையில் அள்ளியதில் பாதியைத் திரும்பக் கூடையிலேயே போட்டாள். ஏன் என்றேன். "ஒவ்வொரு தடவையும் பயமா இருக்குக்கா. கூடிப்போனா திரும்ப எடுக்க முடியாதுல்ல." நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சுடுகாட்டில் பால் தெளித்து வந்த அன்று மாலை அவள் கணவர் என் வீட்டுக்கு வந்தார். "அவ நாத்தும் அங்கிட்டுத் தட்டுல கெடக்குக்கா. நீங்களே நட்டுக் குடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? என் செடி அழுகினால் என்னோடு போகும். அவள் கடைசியாக விதைத்தது என் கையில் அழுகினால்?

நாளை நடவு. வானம் கறுத்திருக்கிறது. கமலாவின் தைரியம் எனக்கு வரும் என்று சாவு வீட்டில் சிலர் தேற்றினார்கள். அது அவளிடமே இருந்ததில்லை. அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பயம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் நாளைக்கு அவள் கொல்லையில் இறங்க வேண்டும்.