ஓர்சோலா சிரிக்க வைக்காத பெண்

ரோமில், நவோனா சதுக்கத்துக்குப் பின்சந்தில் இருக்கும் படப் பட்டறையில் அச்சான ஈரத்தாள்களைக் கயிற்றில் காயப்போடுவது என் வேலை. செம்புத் தகட்டில் படம் வெட்டுகிறவள் ஓர்சோலா. பதினேழு வயதில், பேசி முடித்த மாப்பிள்ளையை வேண்டாமென்று கோயில் வாசலிலிருந்தே வீட்டுக்குத் திரும்பி நடந்தவள். அதற்கப்புறம் கல்யாணமே இல்லை.

அந்த வருஷம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் விருந்தாளிகளுக்குக் கொடுக்க ஒரு படம் கேட்டார்கள். மேய்ச்சல் நிலம், ஆடுகள், ஆறு, நடுவில் ஏதாவது பழைய தேவர் கதை. ஓர்சோலா வெட்டியது இது: பான் என்கிற ஆட்டுக்கால் தேவன் துரத்துகிறான், சிரிங்க்ஸ் என்ற பெண் ஓடுகிறாள். காப்பாற்றச் சொல்லி அவள் வேண்டிக்கொண்டதால் விரல் நுனியெல்லாம் நாணலாகிக்கொண்டிருக்கிறது. பிடிக்க வந்தவனுக்கு நாணல்தான் மிஞ்சும்.

மாதிரித் தாளைப் பார்த்ததும் அந்த வீட்டுக் காரியக்காரர் லத்தான்சியோவுக்கு முகம் சிவந்தது.

"கல்யாணப் படத்துல பொண்ணு ஓடுறாளே! நாணலைச் சுரண்டிட்டு, அவனைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி வெட்டு."

"கதையில அவ சிரிக்கலையே ஐயா."

"கதைய யாரு கேட்டா?"

"நான் மாட்டேன். தகடு உங்களுது, எடுத்துட்டுப் போங்க."

"இந்த வாய்க்குத்தான் உனக்கு மாப்பிள்ளை அமையல."

"அவரு அமைஞ்சாரு. நான்தான் அமையல."

நான் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன். இந்த வேலை கைவிட்டுப் போனால் அவளுக்குப் பட்டறையில் இடமில்லை என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார்.

தகடு வேறொரு பட்டறைக்காரனிடம் போனது. ஓர்சோலாவை அந்த வாரக் கடைசியில் கிளம்பச் சொல்லிவிட்டார் முதலாளி. அந்தப் புது ஆள் அவசரக்காரன். சுரண்டிய பள்ளத்தைத் தகட்டின் பின்பக்கத்திலிருந்து தட்டிச் சமமாக்காமலே மேலே வெட்டிவிட்டான். பள்ளத்தில் மை தேங்கி, ஒவ்வொரு தாளிலும் சிரிக்கிற பெண்ணுக்குத் தாடி முளைத்தது!

ஐந்தாம் நாள் லத்தான்சியோ தகட்டோடு வந்து நின்றார்.

"சரி பண்ணிக் குடும்மா. ஞாயித்துக்கிழமை கல்யாணம்."

"தாடி அவளுக்கு எடுப்பாத்தான் இருக்கு."

"கேலி பண்ணாதே."

"தட்டிச் சரி பண்றேன். ஆனா ஓடுற மாதிரிதான் வெட்டுவேன், நாணலோட."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ!

"கன்னியாவே இருக்கணும்னு ஓடினவ ஐயா இந்தப் படத்துப் பொண்ணு. அப்படிப்பட்ட எத்தனை புனிதைகளுக்கு நாம மெழுகுவத்தி ஏத்துறோம்?"

லத்தான்சியோ தகட்டை மேசைமேல் வைத்தார். "வெட்டித் தொலை" என்றார்.

முந்நூறு தாளையும் நான்தான் காயப்போட்டேன். முதல் மாதிரியில் அந்தப் பெண் பயந்துபோய்ப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் முகம் ஆற்றை நோக்கி நேராக இருந்தது.