இரண்டு டிகிரியில் மட்டும்

சிறிய ஆளில்லா விமானம் ஒன்றின் இறக்கைக்கு வடிவம் தேடுவது புனேயில் எங்கள் பிரிவின் வேலை. இறக்கையைக் குறுக்கே அறுத்தால் தெரியும் வெட்டுமுகம் முன்னால் உருண்டு, பின்னால் மெலிந்துபோகும். அந்தக் கோட்டை மயிரிழை மாற்றினாலும் காற்று பின்னுக்கு இழுக்கும் விசை மாறிவிடும். ஆயிரக்கணக்கான வடிவங்களைத் தானே வரைந்து, இழுவை குறைந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும் நிரல் ஒன்றை நான் எழுதியிருந்தேன். இரண்டாயிரமாவது ஆண்டைத் தாண்டிய முதல் சில வருடங்கள் அவை.

பக்கத்து மேசையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். அவர் அப்பாவும் பொறியாளர். என் அப்பா கட்கியில் ஒரு தொழிற்சாலையில் சுமை ஏற்றுபவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் அறிக்கையின் ஆங்கிலத்தைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருமுறை கேட்காமலே திருத்திக் கொடுத்தார். நான் அதை மறக்கவில்லை.

அவரும் ஒரு வடிவம் செய்திருந்தார். இழுவை என்னுடையதைவிடக் கொஞ்சம் அதிகம். மாதிரியின் மேல் காற்றைப் பாய்ச்சிப் பார்க்கும் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்க எங்களுக்கு ஒரே ஒரு முறைதான் இடம் கிடைத்திருந்தது. மாதிரியும் ஒன்றுதான் கடைய முடியும். என்னுடையதா, அவருடையதா என்பது அந்த வாரம் முடிவாக வேண்டும்.

அவர் என் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, காத்து ரெண்டு டிகிரி சாய்வுல வர்றதுக்கு மட்டும்தான் கணக்குப் போட்டிருக்கீங்க. ஒண்ணரைலயும் ரெண்டரைலயும் ஓட்டிப் பார்த்தீங்களா?"

"உங்களுக்குச் சந்தேகமா இருந்தா உங்களுதையே அனுப்பச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அந்த இரண்டு கோணங்களிலும் என் வடிவத்தை ஓட்டினேன். இழுவை இரண்டு பக்கமும் எகிறியது. நிரல் ஏமாற்றவில்லை. இரண்டு டிகிரியில் குறை என்று நான் கேட்டேன், அங்கே மட்டும் குறைத்துக் கொடுத்தது. மேல்கோட்டில், விரலால் தடவினால்கூடத் தெரியாத ஒரு பள்ளத்தை அதற்காகவே தோண்டியிருந்தது. காற்று வீசுகிற ஊரில் எந்த விமானமும் ஒரே கோணத்தில் பறப்பதில்லை.

திரையை மூடும்போது அவர் டப்பாவோடு கதவருகில் நின்றிருந்தார். எவ்வளவு பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். ஆனால் மகள் வரைந்த இறக்கையோடு விமானம் பறக்கப்போகிறது என்று அப்பா அதற்குள் போபோடியில் எங்கள் சந்து முழுக்கச் சொல்லிவிட்டார். வடாபாவ் கடைக்காரர் என்னை நிறுத்தி, விமானம் எப்போது பறக்கும் என்று மராத்தியில் கேட்டார். சீக்கிரம் என்றேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இரண்டு டிகிரிக்கான என் இழுவை எண்ணை மட்டும் பலகையில் எழுதினேன். என் வடிவமே தேர்வானது.

சோதனையில் அது இரண்டு டிகிரியில் அழகாக நின்றது. அரை டிகிரி விலகியதும் கெட்டது. எங்கள் தலைவர் எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டார், பக்கத்துக் கோணங்களைப் பார்த்தாயா என்று. தோன்றவில்லை சார் என்றேன். தெரிந்தே மறைத்தவள் என்பதைவிடத் தெரியாதவள் என்ற பெயர் பரவாயில்லை என்று அந்த நொடியில் பட்டது. கோயம்புத்தூர்க்காரர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சோதனைக்கு அனுமதி கிடைக்கவில்லை. சில மாதங்களில் அவர் ஹிஞ்சவாடியில் மென்பொருள் வேலைக்குப் போய்விட்டார்.

மூன்று வருடம் கழித்து வாகட் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். வங்கிக்கு நிரல் எழுதுவதாகச் சொன்னார். நான் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியுமுங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வேறொன்று கேட்டார்.

"என்ற வடிவம் அந்தப் பழைய மெஷின்ல இருந்துச்சே, இன்னும் இருக்குதுங்களா? ஒருக்கா ஓட்டிப் பார்க்கணும்னு ஆசை."

அந்த இயந்திரத்தை அதற்கு முந்தின வருடமே கழித்துக்கட்டியிருந்தார்கள். அதற்கு முன் வேண்டியதை நகல் எடுத்துக்கொள்ள எங்களுக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். நான் என்னுடையதை மட்டும் எடுத்துவைத்திருந்தேன்.