வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்த மருந்து

வெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா. ஐஸ்பெட்டியைத் திறந்தால் முதலில் என் கண்ணில் படுவது அதுதான். பிஸ்கட் வந்த டப்பா. மூடியில் பிளாஸ்திரி ஒட்டி, ‘மருந்து, தொடக்கூடாது’ என்று தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சர் ஐயா தம் கையால் எழுதியிருந்தார். உள்ளே பஞ்சில் சுற்றிய சின்னக் கண்ணாடிக் குப்பிகள். சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்த காலம். மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ்பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் பங்களாக் குசினியில். நான் அங்கே சமையல்காரன், எல்லோருக்கும் ‘அப்பு’. தொழிலாளர் லயங்களில் இருந்த அத்தனை பேருக்குமான, குளிரில் வைக்கவேண்டிய மருந்து துரைசாணியின் புட்டிங்குக்கும் வெண்ணெய்க்கும் நடுவே ஒண்டிக் கிடந்தது.

டிஸ்பென்சர் ஐயாவை நினைத்தால், குசினியின் பின்வாசலில் நிற்பவராகத்தான் நினைவுக்கு வருகிறார். லயத்து ஜனங்களுக்கு அவர் பெரிய மனிதர். ஆனால் பங்களாவின் முன்வாசல் அவருக்கும் கிடையாது. சேறு படிந்த சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, “அப்பு, கொஞ்சம் தொறக்கிறீங்களா?” என்பார். உண்மையைச் சொன்னால், அவரைக் காக்க வைப்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அவ்வளவு படித்தவர் என்னிடம் வந்து நிற்கிறாரே என்ற திமிர். கை வேலையாக இருப்பதுபோல வெங்காயத்தை இன்னும் இரண்டு நறுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அவர் முகம் சுளித்ததில்லை. டிஸ்பென்சரிக்கென்று தனியாக ஓர் ஐஸ்பெட்டி வேண்டும் என்று மட்டும் துரைக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பங்களாவில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது துரையின் பதில்.

ஒரு சனிக்கிழமை, மறுநாள் மதிய விருந்துக்கு இரண்டு பெரிய தட்டு நிறைய ஜெல்லி வேண்டும் என்றார் துரைசாணி. பெட்டியில் இடமில்லை. மருந்து டப்பாவை எடுத்து அடுப்புக்கு மேலிருந்த பலகையில் வைத்தேன். விருந்து முடிந்ததும் திரும்ப வைப்பதாக எண்ணம். மறந்தே போனேன். திங்கட்கிழமை காலை உப்புக்காகக் கை நீட்டியபோது டப்பா விரலில் பட்டது. அப்போதுதான் இறக்கிய ரொட்டியைப் போலக் கதகதப்பாக இருந்தது. எனக்குப் பகீரென்றது. பிறகு என் குசினி அறிவு எனக்கு ஆறுதல் சொன்னது. வெண்ணெய் உருகினால் திரும்பவும் உறைகிறது, ஜெல்லியும் அப்படித்தான், மருந்து மட்டும் என்ன விதிவிலக்கா? டப்பாவை உள்ளே வைத்தேன். சாயங்காலம் திறந்து பார்த்தால் குப்பிகள் சில்லென்று, தெளிவாக, பழையபடியே இருந்தன. அதோடு விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ஐயா ஓடி வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் ஐந்து வயது மகளுக்குத் தொண்டை அடைப்பான். “நேரத்தோட கண்டுபிடிச்சிட்டேன் அப்பு. மருந்துதான் இருக்கே, பொழச்சிரும்” என்றார். டப்பாவை நானே எடுத்துக் கொடுத்தேன். ஊசி போட்டார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், துரை என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். ஐயா அங்கே, தனி ஐஸ்பெட்டி கேட்டு எழுதிய ஒரு கடிதத்தோடு நின்றிருந்தார், கண் சிவந்திருந்தது. “அப்பு, அந்த டப்பா எப்பவாச்சும் வெளிய இருந்துச்சா? உள்ளதச் சொல்லுங்க. ஒரு தடவ சூடு பட்டா அந்த மருந்து அவ்வளவுதான். திரும்பக் குளிர வச்சாலும் வேல செய்யாது.” அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குசினிக்குப் பின்னாலிருந்த அறையில் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். வேலை போனால் அந்த அறையும் போகும்.

“இல்லீங்கய்யா. அசைக்கவே இல்ல.”

துரை தமக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் சொன்னார்: “பார்த்தீங்களா? நம்ம பெட்டி சரி. வேற பெட்டி தேவ இல்ல.” ஐயா கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அடுத்தவர் குசினியில் வைத்த மருந்து என்ன கதிக்கு ஆளாகும் என்று காட்ட அவருக்கு வேண்டியிருந்தது என் ஒரு வாய் வார்த்தைதான். அதை நான் துரையின் பக்கம் கொடுத்துவிட்டேன். அதன்பின் யார் கேட்டாலும், “நான்தான் பிந்திட்டேன்” என்று ஐயா தம்மையே குற்றம் சொல்லிக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, மலைப் பாதையில் அந்தத் தாய் கூடையோடு எதிரே வந்தாள். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், விடவில்லை. “அப்பு, எங்க புள்ளைக்காகத் தொர வீட்டுப் பொட்டியத் தொறந்து குடுத்தீங்களாம். ஐயா சொன்னாரு. நீங்க நல்லா இருக்கணும்.” ‘சரிம்மா’ என்றுதான் என் வாயில் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

போன வாரம் பேத்திக்குத் தடுப்பூசி போட ஹட்டனுக்குப் போனோம். கிளினிக்கில் மருந்துக்கென்றே ஒரு பெட்டி. எவ்வளவு குளிர் என்று காலையும் மாலையும் எழுதி வைக்க அதன் கதவில் ஒரு தாள். ஊசிக்கு அழுதது பேத்தி. நாற்காலி தேடி உட்கார்ந்தவன் நான். அன்று அந்தக் குழந்தை போனது சூடு பட்ட மருந்தாலா, நோய் முற்றியதாலா என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

அந்தக் குழந்தை போன மறுவருடத் தவக்காலத்தில், மஸ்கெலியா மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்து என் பாவத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாமியார், “அந்த டிஸ்பென்சர்கிட்ட சொன்னீங்களா?” என்றார்.

“அவரு டயகமப் பக்கம் மாறிப் போயிட்டாருங்க சாமி.”

“அங்க போக வழி இல்லையா?”

“பஸ்ஸு இருக்குங்க சாமி. ஹட்டன்ல மாறிப் போகலாம்.”

“அப்ப போய்ச் சொல்லுங்க” என்று மன்னிப்புக் கொடுத்து அனுப்பினார். பங்களாவுக்குச் சாமான் வாங்க வாரந்தோறும் ஹட்டனுக்குப் போவேன். டயகம பஸ் என் கண்ணெதிரேதான் புறப்படும். ஒரு நாளும் நான் அதில் ஏறவில்லை.