உள்ளங்கையில் ஒரு துளி

ரொறன்ரோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் தண்ணீரையும் யாரும் நம்புவதில்லை. பாத்திரத்தைக் கழுவி, அலசி, கிருமிநாசினி கலந்த மூன்றாவது தொட்டியில் அமிழ்த்துகிறோம். அந்தத் தண்ணீரில் ஒரு சோதனைத் தாள் துண்டை நனைத்து, அது ஊதா நிறமானால்தான் மேற்பார்வையாளர் லிண்டா தலையசைப்பார். எனக்கு இந்த ஒழுங்கு பிடித்திருந்தது. வேலை நிரந்தரமானதும் இலங்கையில் மாத்தளையிலிருந்து மனைவி சரசுவை அழைத்துக்கொள்வதாக இருந்தேன்.

சுகாதாரப் பரிசோதகர் வந்த நாளில், கொதித்துக்கொண்டிருந்த சூப்பிலிருந்து கரண்டியால் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கி, உப்புப் பார்த்தேன். லிண்டாவின் முகம் சிவந்துவிட்டது.

"கையை நக்குகிறாயா?"

"கரண்டி சுத்தம், மேடம்," என்றேன்.

நான் திமிராகப் பதில் சொன்னதாக அவர் நினைத்தார். சூப் முழுவதையும் கொட்டச் சொன்னார். என் வேலை நிரந்தரமாவதும் தள்ளிப்போனது.

சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் இதே வேலையைத்தான் செய்தேன். அது போர்க்காலம்; எங்கேயாவது குண்டு வெடித்தால் அங்கே அறைகள் காலியாகிவிடும். அப்படி ஆளில்லாத ஒரு மத்தியானத்தில் உப்புப் பார்க்கக் கரண்டியை அப்படியே வாயில் வைத்துவிட்டேன். என்னோடு சமைத்த ஹமீது நானா அடுப்படியே அதிரச் சிரித்தார்.

"என்ன தம்பி, நாக்கால கிண்டுறீங்களா? இனி இந்தச் சட்டி முழுக்க ஒங்களுக்குத்தான். வூட்டுக்குக் கொண்டு போங்க!"

எச்சில் சட்டிக்குள் போகக்கூடாது என்பதே எங்கள் சுத்தம். கை சட்டிப் பக்கம் போகக்கூடாது என்பது லிண்டாவின் சுத்தம். மறுநாள் வாயையும் கரண்டியையும் சட்டியையும் மாறி மாறிக் காட்டி இதை அவருக்கு விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, அடுப்பருகே ஒரு குவளை நிறையச் சிறு கரண்டிகளை வைத்தார். ஒரு கரண்டிக்கு ஒரே தடவை. சில மாதங்களில் வேலை நிரந்தரமானது. சரசுவும் வந்து சேர்ந்தாள்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் மீன் குழம்பு வைத்தாள். ருசி பார்க்க மூன்றாவது கரண்டியை எடுத்தேன்.

"ஒரு கொழம்புக்கு எத்தன கரண்டிங்க? யாரு கழுவுறது? கைய நீட்டுங்க."

நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். திரும்பி வந்தபோது கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். ஈரம் காயாத உள்ளங்கையில் அவள் விட்ட குழம்பு தண்ணீராய் ஓடியது. உப்புச் சரியா என்று என்னால் சொல்ல முடியவில்லை.