பின் இருக்கை நிருபர்

காலை ஆறு பத்து. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலை. முதலில் கண்ணில் பட்டது ஒரு பெடலும் அதன்மேல் செருப்பில்லாத ஒரு காலும். தலையைக் கொஞ்சம் திருப்பியபோது இன்னொரு கால் கிடைத்தது. அதற்கும் பின்னால் தேடியதில் மேலும் இரண்டு. நான்கு கால்களுக்கு ஒரே சைக்கிள். வாடகைக்கு எடுத்து வந்த இளம் ஜோடி. பையன் முன்னால் மூச்சுவாங்க மிதித்துக்கொண்டிருந்தான். பெண் பின்னால் உட்கார்ந்து கடலைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கால்கள் பெடலோடு சும்மா சுற்றி வந்தன.

"அந்தப் பொண்ணு மிதிக்கவே இல்லீங்க. பையனுக்கு அது தெரியாது, பாவம்" என்றாள் என் மனைவி செல்வி. இந்த விஷயத்தில் அவளுக்கு அனுபவம் உண்டு.

கண் மருத்துவரைப் பார்ப்பதற்காகச் சிதம்பரத்திலிருந்து முந்தின நாளே வந்து தங்கியிருந்தோம். ஒரு சைக்கிளை நான் இப்படித் துண்டு துண்டாகப் பார்த்ததற்குக் காரணம் என் கண்தான். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல என் பார்வை. நேரே இருப்பது சுத்தமாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் கிடையாது. இருட்டினால் நேரேயும் கிடையாது.

இது எனக்குத் தெரிய வந்தது வடலூரில். அப்போது நான் ஒரு நாளிதழுக்குச் சிதம்பரம் பகுதி நிருபர். தைப்பூசத்துக்குக் கூடுதல் ஆளாக என்னை வடலூருக்கு அனுப்பியிருந்தார்கள். விடியுமுன் வள்ளலார் சபையில் ஏழு திரைகளும் விலகி ஜோதி தெரிந்தபோது, அத்தனை கூட்டத்திலும் அதை என்னைவிடத் தெளிவாகப் பார்த்தவர் இருந்திருக்க மாட்டார். ஜோதியைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. திரும்பி நடந்தவன் அன்னதானத்துக்கு வைத்திருந்த சாம்பார் வாளியில் காலை விட்டேன். நல்லவேளையாக ஆறிப்போன சாம்பார்.

தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தது கீரப்பாளையம். அங்கே அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை அடைத்து நெல் காயப்போடுவார்கள், சுற்றிலும் காவலுக்குக் கல் வைத்திருப்பார்கள். ஒரு சாயங்காலம் கல்லும் தெரியவில்லை, நெல்லும் தெரியவில்லை. பைக்கோடு உள்ளே போய் விழுந்தேன். நெல்லுக்குச் சொந்தக்காரர் ஓடி வந்து, "ஏன்யா, கண்ணு தெரியலயா?" என்று கேட்டார். பிறகு பரிசோதித்த மருத்துவரும் அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் நீளமாக. பார்வை வட்டம் மெதுவாகச் சுருங்கிக்கொண்டே வரும். பைக்கைத் தொடக்கூடாது.

பகுதி நிருபர் என்பவர் விபத்து, வெள்ளம், சாலை மறியல் என்று எது நடந்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். பார்ப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். விஷயம் கடலூரில் இருந்த மாவட்டத் தலைமை நிருபர் காதுக்குப் போனால் அன்றோடு வேலை முடிந்தது. எனக்கு வேறு எதுவும் தெரியாது. யாரிடமும் சொல்வதில்லை என்று செல்வியும் நானும் முடிவு செய்தோம்.

செல்விக்கு அப்போது ஸ்கூட்டர் என்றால் பயம். சைக்கிள் சின்ன வயதிலிருந்தே கைவசம். என்னைக் கேரியரில் உட்காரவைத்து ஒரு வாரம் இழுத்துப் பார்த்தாள். செய்தி நடந்த இடத்துக்கு நாங்கள் போய்ச் சேரும்போது கூட்டம் கலைந்து டீக்கடையில் இருக்கும். ஒருநாள் இறங்கி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் மிதிக்கிற மாதிரி ஏதாச்சும் இருந்தா பாருங்க" என்றாள்.

செல்வியின் தம்பி ஞானவேலுக்குத் தெற்கு வீதிக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை. கேட், ஜன்னல் கிரில் செய்வான். புருஷனும் பொண்டாட்டியுமாக ஒரே சைக்கிளில் போக ஆசைப்படுகிறோம் என்று மட்டும் சொல்லி, என் பழைய சைக்கிளையும் செல்வியின் சைக்கிளையும் அவனிடம் விட்டுவிட்டு வந்தோம். அவன் கைப்பேசியில் ஏதோ வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து இரண்டையும் வெட்டி ஒட்டினான். யார் முன்னால் என்று அவன் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அது ஒரு கேள்வி என்றே ஒருவருக்கும் தோன்றவில்லை.

போய்ப் பார்த்தால் முன்பாதி ஆண்கள் சைக்கிள், உயரமான குறுக்குக் குழாயோடு. பின்பாதி பெண்கள் சைக்கிள்.

"ஏறுங்க மாமா. ஒங்க கைக்கு அளவா ஹேண்டில் வச்சிருக்கேன்" என்றான் ஞானவேல்.

செல்வி போய் அந்த ஹேண்டிலைப் பிடித்தாள்.

"அக்கா, ஒன் சீட்டு பின்னாடி."

"மாத்து."

"எத மாத்த?"

"முன்னாடி இருக்கறத பின்னாடி வை. பின்னாடி இருக்கறத முன்னாடி வை."

அவன் என்னைப் பார்த்தான். "என்ன மாமா இது? கல்யாணம் ஆன புதுசுலயே சொன்னேன், கொஞ்சம் அதட்டி வைங்கன்னு."

அவனிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் செல்வி, "அவருக்கு என் பின்னாடி வர்றதுதான் புடிச்சிருக்கு. ஒனக்கு என்ன?" என்றாள்.

இப்படியாக ஒரே நிமிடத்தில் நான் பொண்டாட்டிக்குப் பயந்தவன் ஆனேன். யோசித்துப் பார்த்தால் வசதியான பதவி. பொண்டாட்டிக்குப் பயந்தவனை யாரும் வேலையைவிட்டு அனுப்புவதில்லை. பெரும்பாலான அதிகாரிகள் அந்தப் பதவியில்தான் இருக்கிறார்கள்.

ஞானவேல் மறுபடி வெட்டி, மறுபடி ஒட்டினான். புதுப் பச்சைப் பெயின்ட்டும் சங்கிலி எண்ணெயும் கலந்த ஒரு வாசனை அந்தச் சைக்கிளில் கடைசிவரை இருந்தது. பின் ஹேண்டில் திரும்பாது, பிடித்துக்கொள்ள மட்டும். பிரேக் இரண்டும் முன்னால். நான்கு பெடலும் ஒன்றாகத்தான் சுற்றும். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் காலும் பெடலோடு நின்றுவிடும். நான் மிதிக்கிறேனா, மிதிப்பதுபோல நடிக்கிறேனா என்பது செல்விக்கு முதுகிலேயே தெரிந்துவிடும். அவள் பஸ் கண்டக்டர்போல "ரைட்" என்பாள், இருவரும் வலது காலை அழுத்த வேண்டும். முதல் நாள் கீழவீதி முனையில் விழுந்தோம். மேலவீதியில் ஒரு டீக்கடைக்கு நேர் எதிரே விழுந்தோம். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"என்ன சார், டிரைவர மாத்திட்டீங்களா?"

நான் வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தேன். செல்விதான் பதில் சொன்னாள். "கண்டக்டருக்கு எப்பவும் பின்னாடிதாண்ணே சீட்டு. நீங்க டிக்கெட் எடுத்தீங்களா?"

அதற்குப் பிறகு அந்தக் கடையில் என் பெயர் கண்டக்டர்.

சாலையில் வருவதையெல்லாம் முன்னால் இருப்பவர் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவருக்குத் தெரிவது ஒரு முதுகு மட்டும். எனக்கு அந்த முதுகிலும் நடுப்பகுதிதான். செல்வி "பள்ளம்", "மேடு", "ஆடு" என்று சொல்லிக்கொண்டே போவாள். பழகப் பழக மற்றதும் வந்தது. "வக்கீல் வீட்டுல பந்தல் போடறாங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ் முன்னாடி போலீஸ் வண்டி ரெண்டு நிக்குது. நேத்து இல்ல." இதில் கடைசி இரண்டு சொற்கள்தான் செய்தி. எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்க அலுவலகத்தில் ஒரு வருடம் திட்டினார்கள். அவளுக்குத் தானாகவே வந்தது. வராத ஒன்று அளவு. எல்லாமே அவளுக்கு ஜாஸ்தி. கூட்டம் ஜாஸ்தி, புகை ஜாஸ்தி.

"ஜாஸ்தின்னா எவ்ளோ?"

"ஜாஸ்தின்னா ஜாஸ்திதான். பின்னாடி ஒக்காந்துகிட்டு கேள்வி மட்டும் கேளுங்க."

ஆனால் அடுத்த தடவை எண்ணிச் சொல்வாள்.

பேச்சு கடலூருக்கும் போனது. தலைமை நிருபர் போனில் கூப்பிட்டு, "பொண்டாட்டி இல்லாம செய்திக்கே போறதில்லியாமே?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்டது. நிம்மதியாக இருந்தது.

அந்தச் சிரிப்பின் தயவில் சில வருடங்கள் ஓடின. பிறகு ஒரு மழைக்காலத்தில் வெள்ளாற்றில் தண்ணீர் ஏறியது. பாலத்துக்குப் போனோம். இருட்டிக்கொண்டு வந்தது, எனக்கு ஏற்கெனவே இருட்டிவிட்டது. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆறு இருக்க வேண்டிய திசையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். செல்வி சொல்லச் சொல்ல மனதில் வரிகளை அடுக்கினேன். பின்னால் ஒரு கார் நின்றது. தலைமை நிருபர் தானே வந்திருந்தார்.

அவர் கூப்பிட்ட குரலை வைத்துத் திரும்பி, "வணக்கம் சார்" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டுச் செல்வியிடம் கேட்டார். "தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கும்மா?"

"தூண்ல கோடு போட்டிருக்காங்க இல்ல சார், அது முழுகி ஒரு முழம் இருக்கும். நாணல் எல்லாம் அடிச்சிக்கிட்டு வருது. கரையோரம் நாலு வீட்டுல ஆளுங்க சாமானத் தூக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டாங்க. ரெண்டு மாடு இன்னும் உள்ளதான் நிக்குது."

அதையே செய்தியாக அச்சடிக்கலாம்.

வீட்டுக்கு வரும் வழியில் செல்வி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். "சார் வந்ததும் ஒங்களுக்குக் கைய நீட்டினாரு. நீங்க குடுக்கல. கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு, மழ பெய்யுதான்னு பாக்கற மாதிரி கையத் திருப்பிக்கிட்டாரு."

மறுநாள் காலை போன் வந்தது. "அம்மாகிட்ட குடுங்க" என்றார். செல்வி இரண்டு தடவை "சரிங்க சார்" என்றாள், ஒரு தடவை "ஞாயித்துக்கெழமையுமா சார்?" என்றாள். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இனிமே என்னையே செய்தி அனுப்பச் சொல்றாரு. அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க பாத்துத் திருத்திக் குடுக்கணுமாம். ஒங்க கண்ணப் பத்தி அவரு ஒண்ணும் கேக்கலன்னு ஒங்ககிட்ட சொல்லிடச் சொன்னாரு."

மறைக்க ஒன்றுமில்லாமல் போனதால் அன்றைக்கே ஞானவேலிடம் போய்ச் சொன்னோம். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்தான். பிறகு, "இத முன்னாடியே சொல்லியிருந்தா ஒரே தடவையில வேலைய முடிச்சிருப்பேன் மாமா" என்றான்.

இதெல்லாம் நடந்து வருடங்களாகிவிட்டன. செல்வி பயத்தை விட்டு ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள். பச்சைச் சைக்கிளை ஞானவேல் பட்டறையில் வெட்டி யாரோ ஒருவர் வீட்டு கேட்டுக்குக் கம்பியாக்கிவிட்டான். எந்த வீடு என்று அவனுக்கே நினைவில்லை. மேலவீதி டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. ஸ்கூட்டரில் மனைவி ஓட்ட, கணவன் பின்னால் உட்கார்ந்து போனால் இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னைக் கண்டக்டர் என்று கூப்பிட ஊரில் ஆள் இல்லை.

முன்பெல்லாம் செல்வி செய்தியை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்புவாள். இப்போது அனுப்பிவிட்டுப் படித்துக் காட்டுகிறாள்.